ஆத்தாவைப் பின்னுக்குக் கொண்டுவந்த இருசப்பன்

இல்லவே இல்லை. இருசப்பன் கடலூர்க்காரி எவளையும் இழுத்துக்கொண்டு ஓடவில்லை. ஓடினான் என்று முதலில் கிளப்பிவிட்டவள் கீழத்தெருக் காசம்மாள். அவன் புறப்பட்ட அன்றைக்கு அவள் சோரியாங்குப்பத்திலேயே கிடையாது. கரிக்கலாம்பாக்கத்தில் மகள் வீட்டு வளைகாப்பில் ஐந்து வகைச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பார்க்காததைப் பார்த்தது போலச் சொல்வதற்கு அவளுக்கு மட்டும் எப்படித்தான் நாக்கு வளைகிறதோ.

ஊர்ச்சாமி செல்லியாத்தாளின் கோபத்துக்குப் பயந்து சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான் என்று இன்னொரு பேச்சு. அதுவும் பொய். பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க, தலைவாசல் வழியாகத்தான் போனான். அவன் ஆத்தாவைப் பின்னுக்குக் கொண்டுவந்ததால்தான் ஊரில் அம்மை வார்த்தது என்கிறார்களே, அதைக் கேட்டால்தான் வயிறு எரிகிறது. அம்மை தை மாசமே வந்துவிட்டது. முதலில் வார்த்தது காசம்மாளின் பேத்திக்கு. ஆத்தா கடலுக்குப் போனது மாசியில். முன்னால் வந்த நோவுக்குப் பின்னால் நடந்த காரியம் எப்படிக் காரணமாகும்? கேட்டால் வாயை மூடிக்கொள்கிறார்கள், மறுநாள் மறுபடியும் தொடங்குகிறார்கள். அதனால் முதலிலிருந்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

இருசப்பன் வண்டிமாடு ஓட்டுகிறவன். மூர்த்திக்குப்பத்துக் கடற்கரையில் சவுக்குத் தோப்புகள் இருந்தன. அவற்றைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் பாகூரில் விறகு மண்டி வைத்திருந்த பக்கீர் முகமது பாய். தோப்பிலிருந்து கல்ரோடு வரைக்கும் கால் மைல் வெறும் மணல். கட்டை ஏற்றிய வண்டி அந்த மணலில் அச்சு வரைக்கும் இறங்கிவிடும். மாடுகள் நுரை தள்ளிப் படுத்துவிடும். ஒரு நடைக்கு அரை நாள் போகும். இருசப்பனுடைய பெண்சாதி தையலம்மாளும் அந்தத் தோப்பில்தான் கிளை கழிக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். மணலில் மாடு படும் பாட்டைப் பார்த்து அழுதிருக்கிறாள்.

ஜெர்மன்காரன் சண்டை முடிந்த மறு வருஷம் பாய் மதராசுக்குப் போனார். பட்டாளத்தார் கழித்து ஏலம் போட்ட லாரிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். பச்சை நிறம், முகம் முன்னால் நீளாமல் தட்டையாக அமுங்கியிருக்கும். ஊர்ப் பிள்ளைகள் பார்த்ததுமே மொட்டைமூக்கு என்று பேர் வைத்துவிட்டார்கள். மற்ற லாரியில் பின்சக்கரம் மட்டும் தள்ளும். இதில் முன்சக்கரமும் சேர்ந்து இழுக்கும். கியர் கம்புக்குப் பக்கத்தில் அதற்கென்று இன்னொரு சின்னக் கம்பு உண்டு. அதைத் தள்ளினால் நாலு சக்கரமும் ஒரே மூச்சாக வேலை செய்யும்.

ஓட்டிவந்தவன் புதுச்சேரி டவுன்காரன் அந்தோணிசாமி. பிரெஞ்சுப் பட்டாளத்தோடு போய் மிசிரு என்கிற எகிப்துக்கு அப்பாலே பாலைவனத்தில் லாரி ஓட்டியவன். அவனுக்கு இங்கே நிலைக்க மனசில்லை. சைகோனுக்குக் கப்பல் ஏறப் பத்து நாள்தான் இருந்தது. அதற்குள் யாராவது கற்றுக்கொள்ளட்டும் என்று பாய் இருசப்பனைக் கூட ஏற்றிவிட்டார். இரண்டு பேருக்கும் ஒரே வயசுதான்.

கல்ரோட்டில் ஓட்ட இருசப்பனுக்கு நாலு நாளில் வந்துவிட்டது. ஐந்தாம் நாள் மணலில் இறக்கினான். இருபது கெஜம் போனதும் லாரி திணறியது. அவன் கைக்கும் காலுக்கும் தெரிந்தது மாடுதானே? மாடு திணறினால் வாலை முறுக்குவான். அதே போல இங்கே காலை வைத்து அழுத்தினான். சக்கரம் சுற்றிச் சுற்றித் தனக்குத் தானே குழி தோண்டிக்கொண்டது. கீழே குதித்தான். மண்டியிலிருந்து வரும்போதே வைக்கோல் எடுத்துப் போட்டிருந்தான். பாகூர் ஏரிக்கரையில் சேற்றில் வண்டி இறங்கினால் எல்லோரும் வைக்கோலைத்தான் சக்கரத்துக்கு அண்டை கொடுப்பார்கள். அதையே இங்கேயும் திணித்துவிட்டு ஏறி மிதித்தான். நாலு சக்கரமும் நாலு பக்கமும் வைக்கோலை வாரி இறைத்தன. வேடிக்கை பார்த்த பெண்கள் தலையெல்லாம் வைக்கோல். தையலம்மாள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள்.

அந்தோணிசாமி சவுக்கு மரத்தில் சாய்ந்து சிரித்தான்.

“சேத்துக்குப் போடறத மணலுக்குப் போடறியே, இருசா. ரெண்டு மாட்டையும் ஓட்டியாந்து முன்னாடி கட்டிடேன்.”

பிறகு அவனே இறங்கி வந்து செய்து காட்டினான். சக்கரத்துக்கு முன்னால் இருக்கிற மணலைக் கையால் வழித்துவிட வேண்டும். சவுக்குக் கிளைகளைக் குறுக்கே பரப்ப வேண்டும். அதற்கும் முன்னால், டயரில் காற்று அடைக்கிற வாயில் ஒரு குச்சியை வைத்து அழுத்தி, பாதிக்கு மேல் காற்றை விட்டுவிட வேண்டும். அப்போது டயர் அகன்று தட்டையாக உட்காரும், மணலைக் கிழிக்காது. ஒட்டகத்தின் பாதம் அப்படித்தான் இருக்கும் என்றான். இருசப்பன் ஒட்டகத்தை எங்கே கண்டான்? தலையை ஆட்டி வைத்தான்.

அன்றைக்கு வேலை முடிந்து பெண்கள் விறகுக் கட்டைத் தலையில் வைத்து மணலில் நடந்து போனார்கள். இருசப்பன் தையலம்மாளுக்குப் பின்னாலேயே குனிந்துகொண்டு வந்தான். எதைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறாய் என்று அவள் கேட்டாள்.

“ஒன் காலத்தான் பாத்துனு வர்றேன்,” என்றான். “நான் குதிகால வெச்சி நோண்டினு வர்றேன். நீ முழுப் பாதத்தையும் மெதுவா வெச்சி மெதுவா எடுக்கற. தலையில சுமை இருக்குது, ஆனா நீ எறங்கல.”

ஒட்டகத்தில் புரியாதது பெண்டாட்டி காலில் புரிந்துவிட்டது அவனுக்கு. மறுநாளிலிருந்து லாரி அவன் சொன்னதைக் கேட்டது. மணலில் இறங்கும் முன்பே காற்றை விட்டுவிடுவான். வேகமும் இல்லை, நிறுத்தமும் இல்லை, ஒரே சீராகப் போவான். வளைக்க வேண்டுமென்றால் தேர் திரும்புவது போல அகலமாக வளைப்பான். நிறுத்த வேண்டுமென்றால் பிரேக்கைத் தொடமாட்டான். காலை எடுத்துவிட்டு, தானாக நிற்கட்டும் என்று விட்டுவிடுவான். அதுவும் மூக்கு சரிவைப் பார்த்திருக்கும்படி நிறுத்துவான், திரும்பக் கிளம்ப லேசாக இருக்குமென்று. அந்தோணிசாமி போகிற அன்று ஒன்றே ஒன்றைத் திருப்பித் திருப்பிச் சொன்னானாம். முன்சக்கரம் இறங்குகிறது என்று கைக்குத் தெரிந்த உடனே, இன்னும் ஒரு முழம் போய்ப் பார்ப்போம் என்று நினைக்காதே. நீ வந்த தடம் உன் சக்கரமே அழுத்தி இறுக்கிவைத்த தடம். அதே தடத்தில் நேராகப் பின்னால் வந்துவிடு. பின்னால் வருகிறவன் வீடு போய்ச் சேருவான்.

அதற்கப்புறம் ஒரு நாளைக்கு ஆறு நடை. தோப்பில் வேலை செய்கிற பெண்களைப் பொழுது சாய்கிறபோது சவுக்குக் கட்டையின் மேலேயே ஏற்றிவந்து ஊரில் இறக்கிவிடுவான். கல்ரோடு தொட்டதும் நிறுத்தி டயர்களுக்குக் காற்று அடிக்க வேண்டும். கைப் பம்பில் சக்கரத்துக்கு இருநூறு அடி. அவன் அடிப்பான், தையலம்மாள் எண்ணுவாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் எண்ணிக்கை தப்பாது. காற்றை விடுகிற குச்சியும் அவள் சீவிக் கொடுத்ததுதான். வைரம் பாய்ந்த சவுக்குக் குச்சி, சுண்டுவிரல் நீளம். அதை எந்த நேரமும் வலது காதில் செருகி வைத்திருப்பான், தச்சன் பென்சில் வைத்திருப்பது போல.

கட்டையின் மேல் உட்கார்ந்து வரும்போது தையலம்மாளுக்கு அவன் முகம் தெரியாது. ஜன்னலுக்கு வெளியே நீட்டிய வலது முழங்கை மட்டும் தெரியும். கடற்காற்றில் முண்டாசுத் துணி பறக்கும். அந்த முழங்கையைப் பார்த்துக்கொண்டே வருவாள். முன்னால் அவன் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் இருந்தது. அதில் கயிறும் மண்வெட்டியும் தண்ணீர் டின்னும் கிடக்கும். கட்டின பெண்சாதியே ஆனாலும் பெண்பிள்ளை முன்னால் ஏறிப் போனால் ஊர் என்ன பேசும் என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் ஆசை யாரைக் கேட்டுக்கொண்டு வருகிறது?

அவன்தான் அந்த ஆசைக்கு நெய் ஊற்றினவன். காலை முதல் நடைக்கு ஆள் இல்லாமல் போகும்போது, அலை இறங்கிப் போன ஈர மணலில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்ப்பான். அந்த இடம் சிமெண்டுத் தரை போல இறுகியிருக்கும், சக்கரம் சத்தமே போடாது, அடுத்த அலை வந்தால் போன தடமும் இருக்காது என்று சொல்வான். நண்டுகள் வழி விடுமாம். ஒரு பக்கம் பார்த்தால் தண்ணீரின் மேல் போகிறது போலவே இருக்குமாம்.

“ஒரு நா ஒன்ன முன்னாடி குந்த வெச்சி, முகத்துவாரம் வரைக்கும் ஈர மணல்லயே இட்டுனு போறேன், தையலு. ஆரு இன்னா சொல்றாங்கன்னு பாத்துடலாம்.”

எப்போது என்று அவள் கேட்டாள். மாசி மகம் முடியட்டும் என்றான். கழுத்தில் காதில் இல்லையே என்று ஒரு நாளும் குறைப்பட்டவள் இல்லை அவள். அந்த ஒரு பயணத்துக்கு மட்டும் ஏங்கினாள். அதற்குக் கட்டிக்கொள்ள ஒரு பச்சைப் புடவையை மடித்துப் பெட்டியில் அடியில் வைத்தாள்.

மாசி மகத்துக்கு ஊர் ஊராகச் சாமிகள் கடலாடப் போகும். சோரியாங்குப்பத்துச் செல்லியாத்தாளை வருஷா வருஷம் ஆட்கள் தோளில் சுமந்துதான் கொண்டுபோவார்கள். அந்த வருஷம் நாட்டாமை பலராமனுக்கு லாரியில் கொண்டுபோக வேண்டும் என்று தோன்றிவிட்டது. வேறெந்த ஊர் சாமிக்கும் மோட்டார் கிடையாது; அந்தப் பெருமை யாரை விட்டது? பக்கீர் பாயிடம் கேட்டார்கள். உங்கள் ஆத்தா ஏறினால் என் வண்டிக்கும் நல்லதுதானே என்று சொல்லி, பாயே லாரியைக் கழுவி அனுப்பினார்.

இருசப்பன் மூன்று நாள் விரதம் இருந்தான். ஆத்தாவோடு பூசாரியும் மேளக்காரரும் மட்டும் ஏறட்டும், மற்றவர்கள் நடந்து வரட்டும் என்று கேட்டுக்கொண்டான். யார் கேட்டார்கள்? பெண்களும் பிள்ளைகளுமாக நாற்பது பேர் ஏறிவிட்டார்கள். தையலம்மாள் மஞ்சள் நீர்க் குடத்தோடு கடைசியில், பின்பலகை ஓரமாக உட்கார்ந்திருந்தாள். பலராமன் ஆத்தாவுக்குக் காவலாக வெளிப்படியில் தொற்றிக்கொண்டு வந்தார்.

பௌர்ணமி நாள், கடல் மற்ற நாளைவிட மேலே ஏறியிருந்தது. ஆத்தா கடலைப் பார்த்தபடி ஈர மணல் வரை போக வேண்டும் என்றார் பலராமன். இருசப்பன் சரிவில் மெதுவாக இறக்கினான். முதல் நாள் ராத்திரி அலை கரையை அறுத்து ஒரு வாய்க்கால் போட்டு, மறுபடியும் மணலால் மேலே மூடி வைத்திருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை. கைக்குத்தான் தெரிந்தது. கையிலிருந்த ஸ்டியரிங் வளையம் திடீரென்று கனத்தது. உடனே காலை எடுத்தான். லாரி பெருமூச்சு விட்டாற்போல நின்றது. முன்சக்கரம் ஒரு சாண் இறங்கியிருந்தது. பத்து அடிக்கு முன்னால் அலை வந்து திரும்பியது. அடுத்த அலை எட்டு அடி.

இருசப்பன் பின்கியர் போடக் கை வைத்தான். பலராமன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பின்னால போவாதடா. ஆத்தா கடலப் பாத்தாச்சி. பாத்த மொகம் பின்வாங்கக் கூடாது. கயிறு கட்டி முன்னால இழுத்துக்கலாம்.”

அந்த ஊர் வழக்கம் அது. கடலாடப் புறப்பட்ட சாமி நீராடாமல் ஓர் அடியும் பின்னால் வைக்கக் கூடாது. இருசப்பனுக்குத் தெரியாததா? அவனும் அதே ஆத்தாவுக்கு மொட்டை போட்டவன்தான். ஆனால் முன்னால் ஒரு முழம் போனால் முன்சக்கரம் வாய்க்காலில் முழுசாக விழும், அலை ஏறும், லாரி கவிழும், நாற்பது பேரும் ஆத்தாவும் தண்ணீரில் என்பதும் அவனுக்கு அந்த நேரத்தில் தெரிந்தது. மூன்றாவது அலை முன்சக்கரத்தைத் தொட்டு, அடியிலிருந்த மணலை உருவிக்கொண்டு போனது. லாரி ஆத்தாவோடு ஒரு பக்கம் சாய்ந்தது. பிள்ளைகள் அலறின.

அப்போது பின்பலகையிலிருந்து ஒரு குரல் வந்தது. தையலம்மாள் குடத்தைப் போட்டுவிட்டு எழுந்து நின்று, வந்த தடத்தைப் பார்த்துக்கொண்டே கத்தினாள்.

“பின்னால வாய்யா! தடம் நேரா இருக்குது. நேரா வா, வா, வா.”

அவன் பலராமன் கையை உதறினான். கண்ணாலே பார்க்காமல் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே பின்னால் வந்தான். ஒரு தடவை கூடச் சக்கரம் சுழலவில்லை. நாற்பது கெஜம் தள்ளி, கெட்டி மணலில் கொண்டுவந்து நிறுத்தினான். ஒரு பிள்ளைக்குக் கூட நகக்கீறல் இல்லை. ஆத்தாவின் மூக்குத்தி கூட அசையவில்லை. அதற்கப்புறம் ஆத்தாவைத் தோளில் தூக்கிப் போய் நீராட்டினார்கள். கீழே இறங்கியவர்கள் அலையைப் பார்த்தார்கள். லாரி நின்றிருந்த இடம் இடுப்பளவு தண்ணீர். பார்த்துவிட்டும் பேசினார்கள்.

பங்குனியில் அம்மை இன்னும் ஐந்து வீடுகளில் வார்த்தது. பேச்சு முற்றியது. இருசப்பன் ஓட்டினால் தோப்பு வேலைக்கு வரமாட்டோம் என்று ஆட்கள் பாயிடம் சொன்னார்கள். பாய் என்ன செய்வார்? ஊர் ஒத்துக்கொள்ளும் வரைக்கும் பொறுத்துக்கொள் என்றார். பலராமன் ஒரு வழி சொன்னார். ஈரத் துணியோடு ஆத்தா முன்னால் விழுந்து, ஊர் கேட்க, தப்புச் செய்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொன்னால் மறுநாளே லாரியைத் தொடலாம்.

தையலம்மாள் அவனிடம் சொன்னாள், பின்னால் வா என்று கூப்பிட்டவள் நான்தான், அதை நான் எழுந்து சொல்கிறேன் என்று. மேளச் சத்தத்திலும் அலறலிலும் அவள் கத்தியது யார் காதிலும் தனியாக விழுந்திருக்கவில்லை.

“நீ வாயத் தொறக்காத. வண்டி ஓட்டினவன் நான்,” என்றான். அவளைக் காக்க அப்படிச் சொன்னானா, தன் பேரைப் பங்கு போட மனமில்லாமல் சொன்னானா, அது அவனுக்குத்தான் தெரியும்.

ஆத்தா முன்னால் ஊர் கூடிய அன்று ஈர வேட்டியோடு வந்து நின்றான். ஒரு வார்த்தைதான். அதைச் சொன்னால் லாரி, ஈர மணல், முன்னால் அந்த இடம், எல்லாம் திரும்பி வரும். பெண்கள் பக்கம் நின்ற தையலம்மாள், சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அவன் கையைக் கூப்பினான்.

“ஆத்தா, ஒன்னயும் ஒன் புள்ளைங்களையும் தண்ணியில வுடாம கொணாந்தேன். அது தப்புன்னா நீ சொல்லு, கேட்டுக்கறேன்.” பிறகு பலராமன் பக்கம் திரும்பினான். “அதே எடத்துல இன்னொரு தரம் நின்னாலும் பின்னாலதான் வருவேன், நாட்டாமைக்காரரே. பொய் சொல்லி எப்புடி வண்டியத் தொடறது?”

அவ்வளவுதான். முடிந்துவிட்டது.

லாரி பாகூர் மண்டியில் வேப்ப மரத்தடியில் நின்றது. ஓட்ட வேறு ஆள் அமையவில்லை. மணல் என்றதும் டவுன்காரர்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். இருசப்பன் தினமும் பாகூருக்கு நடந்து போய், டயர் ஒரே இடத்தில் அழுந்திக் கெட்டுவிடக் கூடாது என்று கைப்பிடியால் எஞ்சினைச் சுற்றிக் கிளப்பி, லாரியை நாலு அடி முன்னும் பின்னும் நகர்த்திவிட்டு வருவான். காதில் குச்சி மட்டும் இருந்தது.

சித்திரையில் வேதாரண்யம் பக்கத்து உப்பளக்காரர் ஒருவர் வந்து லாரியைக் கேட்டார். பாய் விற்றுவிட்டார். உப்பளம் முழுக்க மணல், ஓட்டத் தெரிந்தவன் வேண்டும் என்றார் வந்தவர். பாய் இருசப்பன் பேரைச் சொன்னார். ஆக, அவன் எதைத் தொடர்ந்து போனான் என்று இப்போது தெரிகிறதா? கடலூர்க்காரியாம், கடலூர்க்காரி.

தையலம்மாளையும் கூப்பிட்டான். அவள் எப்படிப் போவாள்? அவனைப் பெற்றவள் வாதத்தில் படுத்து இரண்டு வருஷமாகிறது. புரட்டிப் போட, வாயில் கஞ்சி ஊற்ற ஓர் ஆள் வேண்டும். கிழவியை லாரியில் அத்தனை தூரம் கொண்டுபோக முடியாது. அது அவனுக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் மூன்று தரம் கூப்பிட்டான். மூன்று தரமும் அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

புறப்படுகிற அன்று வெயில் ஏறிவிட்டது. மூட்டையில் இரண்டு வேட்டி, ஒரு போர்வை, புளிச்சோறு. படுத்திருந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துவிட்டான். பிறகு தையலம்மாளிடம், பாகூரிலிருந்து பிரெஞ்சுக்காரன் எல்லைச் சாவடி வரைக்குமாவது முன்னால் ஏறிக்கொண்டு வா, அங்கே இறங்கித் திரும்பிவிடு என்றான். இன்றைக்கு யாருக்கும் பயமில்லை என்றான்.

“கல்ரோட்டுல ஒன்னும் வேணாம்,” என்றாள் அவள். “ஈர மணல்லன்னுதான சொன்ன? அப்ப குந்தறேன்.”

அவன் சிரித்தான். மாசி மகத்துக்கு இன்னும் எத்தனை மாசம் என்று விரல் விட்டு எண்ணினான். வேதாரண்யத்திலும் இதே கடல்தான், இதே கரைதான் அங்கே வரைக்கும் போகிறது, நடுவில் ஆறுகள்தான் தடுக்கின்றன என்றான். காதிலிருந்த குச்சியை எடுத்து அவளிடம் நீட்டினான். அவள் அதை வாங்கி, முனை மழுங்கியிருக்கிறதா என்று கட்டைவிரலால் தடவிப் பார்த்து, அரிவாள்மணையில் இரண்டு சீவு சீவி மறுபடியும் அவன் காதிலேயே செருகினாள். இது இல்லாமல் எதை வைத்துக் காற்றை விடுவாய் என்றாள்.

அவன் மூட்டையை எடுத்துத் தோளில் போட்டு, தலைவாசலைத் தாண்டினான். தெருவில் நாலைந்து பேர் நின்று பார்த்தார்கள். மாட்டுத் தொட்டி வரை போனான், வேலி வரை போனான். வெளியூர் புறப்பட்டவனைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் போகிற காரியம் கெட்டுவிடும். தையலம்மாள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வா, நேரா வா என்று தொண்டை வரைக்கும் வந்ததை அவள் வெளியே விடவில்லை. முண்டாசுத் துணி பனைமரங்களுக்கு அந்தப் பக்கம் மறைகிற வரைக்கும், பம்பு அடிக்கும்போது எண்ணுவாளே, அதே மாதிரி ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.